தோமா கேட்டது

என் அம்மம்மாவுக்குத் தோமையார் எங்கள் பகுதி ஆள். மற்றப் பதினொரு சீடர்களும் வேதப்புத்தகத்து மனிதர்கள். தோமாவைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், ஒரு காலத்தில் ஜிந்துப்பிட்டியில் குடியிருந்துவிட்டுப் போன உறவுக்காரரைப் பற்றிக் கதைப்பதுபோல இருக்கும். போர்த்துக்கேயர் வாயில் சான் தோமே என்று வழங்கிய பெயரோடு பிட்டி சேர்ந்து, தேய்ந்து தேய்ந்து ஜிந்துப்பிட்டி ஆனது என்பது கொட்டாஞ்சேனைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வழிவழியாக வரும் கதை. அப்போஸ்தலர் அந்த மேட்டில் நின்று பிரசங்கம் பண்ணினார் என்பதும் அதோடு ஒட்டி வரும். அங்கே இன்று நிற்கிற அங்கிலிக்கன் தோமா ஆலயம் ஆளுநர் பிரவுன்றிக் காலத்தில், 1810களில், தமிழ்ச் சபைக்கென்று எழுந்தது. அம்மம்மாவின் வீடு அதற்குக் கிட்ட, புதுச்செட்டித் தெருவில். நாங்கள் வெள்ளவத்தை ஹம்டன் லேனில் இருந்தோம். ஞாயிறு தோறும் காலி வீதியில் 101 பஸ் பிடித்துப் புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து நடந்து கோயிலுக்குப் போவோம்.

ஆராதனை முடிந்து அம்மம்மா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு கதை. அவருக்குப் பிடித்தது தோமா கட்டிய மாளிகைக் கதை. வடமேற்கு இந்தியாவில் கொண்டபோரஸ் என்ற அரசன், தோமா நல்ல தச்சன் என்று கேள்விப்பட்டு மாளிகை கட்டப் பணம் கொடுக்கிறான். தோமா அதை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, மாளிகை பரலோகத்தில் எழும்பிவிட்டது என்கிறார். அரசன் சிறையில் போடுகிறான். பிறகு அரசனின் தம்பி செத்துப் பிழைத்து வந்து, அந்த மாளிகையைத் தன் கண்ணால் கண்டேன் என்று சாட்சி சொல்கிறான். மூன்றாம் நூற்றாண்டில் சிரிய மொழியில் எழுதப்பட்ட தோமாவின் நடபடிகளில் உள்ள கதை இது.

அப்பா படவரைஞர். கோட்டையில் ஒரு கட்டட நிறுவனத்தில் வேலை. "அந்த மாளிகைக்குப் பிளான் கீறினது ஆர், மாமி?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். அம்மம்மாவும் ஒவ்வொரு முறையும் சிரிப்பார். ஆனால் ஒருநாள் அப்பா எங்களுக்கு ஒரு விஷயம் சொன்னார். கொண்டபோரஸ் என்று ஒருவன் இருந்தானா, வெறும் கற்பனையா என்று பலகாலம் படித்தவர்களுக்கே தெரியாமல் இருந்ததாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. "கையில பிடிக்கக்கூடிய ஒரு சாமான் கிடைச்சால் போதும் பிள்ளை, கதையைப் பிறகு நம்பலாம்" என்றார். கையில் பிடிக்கக்கூடிய சாமான். அப்பாவின் வேலை அப்படிப்பட்டது.

ட்ரேசிங் பேப்பரில் மை காய்ந்த பிறகு பிழை திருத்த அழிறப்பர் உதவாது. சவர பிளேட்டின் விளிம்பால் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும், தாள் கிழியாமல். அப்படி ஒருமுறை பிளேட் முறிந்து, அப்பாவின் இடது கைச் சுட்டுவிரலில் நகத்துக்குக் கீழே ஆழமாக வெட்டிவிட்டது. ஆறிய பிறகு பிறை மாதிரி ஒரு தழும்பு. கோயிலில் பிரசங்கம் நீளும்போது நான் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டு இருப்பேன். சுற்றிவரத் தோல் சொரசொரப்பு. அந்த இடம் மட்டும் வழவழப்பு.

1983 யூலை 24 ஞாயிறும் அப்படித்தான் கழிந்தது. முதல்நாள் இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டிருந்தார்கள். உடல்களைப் பொரளைக் கனத்தை மயானத்துக்குக் கொண்டுவருகிறார்கள் என்று மாமா சொன்னார். வீடு திரும்பும்போது பஸ்ஸில் எல்லாரும் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தார்கள் என்று அம்மா பிறகு பலமுறை சொன்னார். எனக்கு அது நினைவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது.

திங்கட்கிழமை காலை அப்பா வேலைக்குப் போனார். பொரளையில் கடை எரிந்த செய்தி வந்திருந்தது. அம்மா போகவேண்டாம் என்று சொன்னார். ஒரு வரைபடம் அன்று கட்டாயம் முடிக்க வேண்டும், பத்து மணிக்குள் நிலைமை சரியில்லாவிட்டால் திரும்பி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் குடையையும் எடுத்துக்கொண்டு போனார். பத்து மணியளவில் காலி வீதிப் பக்கம் புகை எழும்பியது. முதலில் ஒரு கம்பம், பிறகு நாலைந்து, பிறகு வானமே தெரியவில்லை.

பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி பின் மதிலால் ஏணி வைத்து எங்களை இறக்கினார். அவர்கள் வீட்டில் அரிசி, தேங்காய் வைக்கிற ஒரு சிறிய அறை. உள்ளே நான், அம்மா, தம்பி. வெளியே பூட்டுப் போட்டார். சற்று நேரத்தில் லேனுக்குள் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது என்பதைப் பிற்பாடு படித்தேன். அன்று நான் கேட்டது எங்கள் வீட்டின் சத்தம். அலுமாரிக் கண்ணாடி உடையும் சத்தம், யன்னல் கம்பி வளையும் சத்தம், பிறகு எரிகிற சத்தம். மரவீடு எரிவதுபோல இல்லை. அப்பாவின் சுருட்டி வைத்த வரைபடங்கள் ஒவ்வொன்றாகப் பற்றும்போது புஸ், புஸ் என்று மூச்சு விடுவது மாதிரி ஒரு ஒலி. அம்மா தம்பியின் வாயைக் கையால் பொத்தியிருந்தார். அன்ரி வாசலில் நின்று, இங்கே தமிழர் ஒருவரும் இல்லை என்று உரத்துச் சொன்னது கேட்டது. அவரது குரல் நடுங்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் குரலுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்பா வரவில்லை.

மூன்றாம் நாள் எங்களைப் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் கொண்டுபோய் விட்டார்கள். வகுப்பறைச் சீமெந்துத் தரையில் சாரி விரித்துப் படுத்தோம். அங்கேதான் ஒருவர் அம்மாவிடம் வந்து, அப்பாவை இரத்மலானை விமான நிலைய முகாமில் கண்டதாகச் சொன்னார். கண்ணாடி போட்டவர், உயரமானவர், குடை வைத்திருந்தார் என்றார். அம்மா அழவில்லை, மகிழவும் இல்லை. "விரலைப் பார்த்தீங்களோ?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு விளங்கவில்லை. இரத்மலானைக்குப் போனோம். ஆயிரக்கணக்கான ஆட்கள், எல்லாரும் தங்கள் ஆட்களைத் தேடுகிற முகங்கள். கண்ணாடி போட்ட உயரமான ஒருவர் இருந்தார், குடையோடு. அவர் அப்பா இல்லை.

பிறகு அம்மா ஒரு ஆஸ்பத்திரியின் பிரேத அறைக்குப் போனார். என்னை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய் நெடுநேரம் கழித்து வந்தார். பல உடல்களில் முகம் இல்லை. அதனால் கைகளை மட்டும் பார்த்தேன், இடது கைகளை மட்டும், என்று பல வருடம் கழித்து எனக்குச் சொன்னார். எத்தனை என்று நான் கேட்கவில்லை.

யூலை 29 வெள்ளிக்கிழமை புலிகள் கொழும்புக்கு வந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவி மறுபடியும் கொலை. அதன் பிறகு அம்மா பொறுத்தது போதும் என்று முடிவெடுத்தார். கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். ஏறும்போதும் அம்மா வரிசையில் நின்ற ஆண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே ஏறினார்.

யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம், பிறகு சென்னை. ஆலந்தூரில் ஒற்றை அறை. யன்னலைத் திறந்தால் பரங்கிமலை. தோமா அந்த மலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார், கி.பி. 72இல், என்பது மரபு. கேரளக் கரையில் 52இல் இறங்கியவர், இருபது வருடம் ஊர் ஊராக நடந்து கடைசியில் இங்கே வந்து முடிந்தார் என்கிறார்கள்; மயிலாப்பூர்க் கடற்கரைச் சாந்தோமில் கல்லறை. ஆர்மேனிய வணிகர் பெட்ரூஸ் உஸ்கான் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த படிகளில் அம்மா வெள்ளிக்கிழமை தோறும் ஏறுவார். மேலே, பீடத்துக்குப் பின்னால் ஒரு கற்சிலுவை. 1547இல் அத்திவாரம் தோண்டும்போது கிடைத்தது. சுற்றிவரப் பழைய பாரசீக எழுத்து. அது 1558 டிசம்பர் 18இல் இரத்தம் வியர்த்தது என்று போர்த்துக்கேயர் எழுதி வைத்தார்கள். அம்மா அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பார். என்ன வேண்டினார் என்று எனக்குத் தெரியும். உயிரோடு திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை. காட்டு என்று கேட்டார்.

சென்னையில் எங்கள் சபைப் பெண்கள் அன்பாகத்தான் புத்தி சொன்னார்கள். விசுவாசம் வையுங்கள், சந்தேகத் தோமாவைப் போல இருக்காதீர்கள் என்றார்கள். இந்தப் பட்டப்பெயரைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும், வெகுகாலமாகச் சொல்ல நினைத்தது. யோவான் எழுதியதை நிதானமாக வாசித்துப் பாருங்கள். உயிர்த்த அன்று மாலை, பூட்டிய கதவுக்குள் பயந்துபோய் இருந்த மற்றச் சீடர்களுக்கு இயேசு தம் கைகளையும் விலாவையும் காட்டினார். அதைக் கண்ட பிறகுதான் அவர்களுக்குச் சந்தோஷம் வந்தது. தோமா அப்போது அங்கே இல்லை. மற்றவர்களுக்குக் காட்டியதை எனக்கும் காட்டு என்றுதான் அவர் கேட்டார். அவர்களை ஒருவரும் சந்தேகக்காரர் என்று அழைக்கவில்லை. இதே தோமாதான், இயேசு சாவுக்குத் துணிந்து யூதேயாவுக்குத் திரும்பியபோது, நாமும் போய் அவரோடு சாவோம் என்று மற்றவர்களைக் கூப்பிட்டவர். அந்தத் தோமாவை ஒருவரும் நினைப்பதில்லை.

இன்னொன்று. தோமா முகத்தைக் கேட்கவில்லை. குரலைக் கேட்கவில்லை. ஆணி பாய்ந்த இடத்தைக் கேட்டார். ஒருவரைக் கொன்ற பிறகு, அவர்தான் இவர் என்று அறிய வேறு என்ன வழி இருக்கிறது? பிரேத அறை வாசலில் நின்றவர்களுக்கு இது விளங்கும்.

நாங்கள் 1994இல் கொழும்புக்குத் திரும்பினோம். எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. ஒரு அலுவலகத்தில் அம்மாவிடம் ஒரு படிவத்தை நீட்டினார்கள்: கணவர் இறந்தார் என்று உறுதிப்படுத்திக் கையெழுத்து வைத்தால் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். "ஆர் கண்டது?" என்று அம்மா கேட்டார். அங்கிருந்தவர் கோபப்பட்டார், எத்தனை வருடமாகிறது, இன்னுமா என்றார். அம்மா படிவத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தார். கடைசிவரை நிறச் சாரிதான் உடுத்தார். தாலியைக் கழற்றவில்லை. உறவினருக்குள் அது பேச்சானது. 2004 யூலையில் ஜனாதிபதி சந்திரிகா 83க்காக நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டபோது அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். முழுவதும் கேட்டார். மன்னிப்புக் கேட்ட முதல் ஆள், நல்லது என்றார். பிறகு எழுந்து போய்ப் பிளேன்டீ ஊற்றினார், நடுக்கத்தோடு. 2006இல் அவர் போய்விட்டார்.

2019 உயிர்த்த ஞாயிறு, ஏப்ரல் 21. நான் ஜிந்துப்பிட்டியில் ஆராதனையில் இருந்தேன். காலை 8.45. வெடிச்சத்தம் என்று முதலில் தோன்றவில்லை; துறைமுகத்தில் ஏதோ பாரம் விழுந்தது என்று நினைத்தேன். வெளியே வந்தபோது கொச்சிக்கடைப் பக்கமிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒரு பெண் ஒற்றைச் செருப்போடு ஓடினாள். அவள் வெள்ளைச் சாரி முழுக்க மண்ணும் செம்மையும். அந்தோனியார், அந்தோனியார் என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமைகளில் சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் வந்து மெழுகுதிரி ஏற்றுகிற கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் அது. அன்று அங்கே, நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், கொழும்பின் மூன்று ஹோட்டல்களில் என்று குண்டுவெடிப்புகளில் 250க்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள்.

நான் குடியிருந்த வீட்டின் கீழ்த் தட்டில் ஒரு இளம் குடும்பம். கணவன் துறைமுகப் பக்கம் வெல்டிங் வேலை செய்பவன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவன் மனைவி வீட்டில் நின்றுவிட்டாள். அவன் மட்டும் கொச்சிக்கடைக்குப் போயிருந்தான். மத்தியானம் வரை போன் அடித்தது, பிறகு அடிக்கவில்லை. எதிர்வீட்டு முஸ்லிம் தம்பி தன் த்ரீவீலில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். காயம்பட்டவர் பட்டியலில் பெயர் இல்லை. ஊரடங்கு. அடுத்த நாள் அந்தோனியார் கோயிலுக்குக் கிட்ட நின்ற ஒரு வான் வெடித்தது. புறக்கோட்டை பஸ் நிலையத்தில் 87 வெடிப்பிகள் கிடைத்தன. அன்றைக்குத்தான் பிரேத அறைக்குப் போனோம்.

அங்கே படங்களைக் காட்டினார்கள். முகங்கள், ஒன்றன் பின் ஒன்றாக. அவள் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்து, "நீங்க பாருங்க டீச்சர்" என்றாள். நான் பார்த்தேன். பிறகு அங்கிருந்த உத்தியோகத்தரிடம், முகம் வேண்டாம், வலது முழங்கையைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். வெல்டிங் பொறி பட்டுப் பட்டு அங்கே கடுகு தூவினது மாதிரிப் புள்ளிகள் இருக்கும் என்று அவள் வழியில் சொல்லியிருந்தாள். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். காட்டினார். புள்ளிகள் இருந்தன. நான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அவள் என் வார்த்தையை ஏற்கவில்லை. கண்ணைத் திறந்து, தானே பார்த்து, உள்ளே போய்த் தொட்டுவிட்டு வந்தாள். பிறகு படிவத்தில் கையெழுத்து வைத்தாள். பேனையை அழுத்தி, முழுப்பெயரையும்.

அடுத்த ஞாயிறு ஏப்ரல் 28. நாடு முழுக்கக் கத்தோலிக்கப் பூசைகள் நிறுத்தப்பட்டிருந்தன. கர்தினால் தம் இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். கீழ் வீட்டில், முன்கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் போட்டு, மேசையை இழுத்து முட்டுக்கொடுத்து வைத்துவிட்டுப் பார்த்தோம். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு எந்த வருடமும் ஒரே நற்செய்திதான்: பயத்தால் பூட்டிய கதவுகள், உள்ளே வந்த ஆண்டவர், காயங்கள், தோமா. எத்தனையோ முறை கேட்டது. பூட்டிய கதவுக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்டது அன்றுதான் முதல்முறை. இல்லை, இரண்டாம் முறை. அரிசி அறைக்குள் அம்மா முணுமுணுத்தது இந்தப் பகுதியைத்தான் என்பது அப்போது ஞாபகம் வந்தது.

குண்டு வைத்தவர்களின் பழி எல்லா முஸ்லிம்கள் மேலும் விழுந்த அந்த மாதங்களில் எதிர்வீட்டுக் கதவும் பூட்டித்தான் இருந்தது. மே 13இல் மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகள் எரிந்த இரவு அந்தத் தம்பி த்ரீவீலைத் தெருவில் விடப் பயந்து உள்முற்றத்துக்குள் ஏற்றி வைத்தான். கீழ் வீட்டுப் பெண் என்ன நினைப்பாளோ என்று யோசித்துவிட்டு, அடுத்த நாள் பின்னேரம் நான் பரீட்சைத் தாள் கட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வாசற்படியில் உட்கார்ந்து திருத்தினேன். சற்று நேரத்தில் அவளும் பிள்ளையோடு வந்து உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வாரம் அப்படி உட்கார்ந்தோம். ஹம்டன் லேன் அன்ரி நின்றதோடு ஒப்பிட இது ஒன்றுமில்லை. அவருக்குப் பதில் செய்ய எனக்குக் கிடைத்த இடம் அது.

கொச்சிக்கடை யூன் 12இல் மறுபடி திறந்தது, அந்தோனியார் திருநாளுக்கு முதல்நாள். அவள் போகவில்லை. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம், முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும் அதிகாரத்தில் இருந்தவர்கள் குண்டுவெடிப்புகளைத் தடுக்கத் தவறினார்கள் என்று தீர்ப்பளித்து, அப்போது பதவியிலிருந்த ஜனாதிபதி பத்துக் கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டபோது, பத்திரிகையை என்னிடம் கொண்டுவந்து முழுவதையும் வாசிக்கச் சொன்னாள். யார் அறிந்திருந்தார்கள், எப்போது அறிந்திருந்தார்கள் என்ற பகுதியை இரண்டுமுறை வாசிக்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான், அந்த ஏப்ரலில், கட்டுவாப்பிட்டிக்குப் போவோம் டீச்சர் என்றாள். செபஸ்தியார் ஆலயத்தில் உயிர்த்த இயேசுவின் சுரூபம் ஒன்று உண்டு. 2019இல் உலகம் முழுக்கப் படமாகப் போனது அது: வெள்ளை அங்கியில், மார்பில், தூக்கிய கையில், அன்றைக்குச் செத்தவர்களின் இரத்தம் தெறித்த சுரூபம். துடைக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படியே வைத்திருக்கிறார்கள். துடைக்காமல் விட்டவர்கள் யாரோ, அவர்களை நான் மனதார வாழ்த்தினேன். இந்த நாட்டில் எவ்வளவோ சுவருக்கு இரவோடு இரவாக வெள்ளை அடித்துவிட்டார்கள்.

தோமா உண்மையில் காயத்தைத் தொட்டாரா என்று யோவான் சொல்லவில்லை. தொடு என்று அழைப்பு வந்தது. அதற்குள் தோமா சொல்லிவிட்டார், ஆண்டவரே என்று. ஓவியர்கள்தான் பிறகு விரலைக் காயத்துக்குள் வைத்துக் கீறினார்கள். அவள் கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். புள்ளி புள்ளியாக இருந்த கறைகளைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். தொடவில்லை.

திரும்பும்போது நீர்கொழும்பு பஸ்ஸில் நெரிசல். கந்தானை தாண்டியதும் இடம் கிடைத்து உட்கார்ந்தோம். அப்பாவைப் பற்றி அவளிடம் நான் முன்பு ஒன்றும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். படிவம் இன்னமும் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது, நானும் கையெழுத்து வைக்கவில்லை என்றும் சொன்னேன். வத்தளை வரை அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"உங்க அம்மா என்ன அடையாளம் பார்த்தாங்க, டீச்சர்?"

நான் என் இடது கையை விரித்து, சுட்டுவிரலில் நகத்துக்குக் கீழே அந்த இடத்தைக் காட்டினேன்.